நெல்லை வானில் ஓடும் மின்னாறு

பகல் பதினோரு மணிவாக்கில் திருநெல்வேலியில் நின்று அண்ணாந்து பார்த்தால் வெயிலைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் தலைக்கு மேலே சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக, பல்லாயிரம் ஆம்பியர் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். கம்பி இல்லை, கோபுரம் இல்லை. அந்த உயரத்துக் காற்றின் அடர்த்தி, நாம் சுவாசிக்கும் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதற்குள்தான் வடக்கு தெற்காகச் சுமார் 600 கிலோமீட்டர் அகலத்துக்கு இந்த ஓட்டம் பரந்து கிடக்கிறது. பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி, பகல் இருக்கும் பக்கம் முழுக்க ஓடும் இதற்கு சிட்னி சாப்மன் என்ற விஞ்ஞானி 1951-ல் ‘எலக்ட்ரோஜெட்’ என்று பெயர் வைத்தார். நாம் மின்தாரை என்று சொல்லலாம்.

இந்த மின்தாரையின் வலிமையைச் சாதாரணக் கணக்கால் விளக்க முடியாது. அங்கே இருக்கும் மின்புலம் மிக மெல்லியது. அதைக்கொண்டு மட்டும் கணக்கிட்டால் விடை சிறிதாகத்தான் வரும். உண்மையில் ஓடுவது அதைப்போலப் பல மடங்கு. பெருக்கிக் கொடுப்பது காந்தப்புலம். மின்சாரம் போகும் பாதையில் குறுக்கே நிற்கும் காந்தப்புலம் ஓட்டத்தைக் குறைக்கும் என்பதுதான் நாம் எதிர்பார்ப்பது. அதே புலம் ஓட்டத்தைக் கூட்டவும் செய்யும் என்பதற்கு இயற்கையே தரும் பெரிய சான்று இது. தென்தமிழகத்தின் உச்சியில் தினமும் நடக்கும் இந்தச் சங்கதி நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாமலேயே இருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள 1879-ஆம் ஆண்டின் பால்டிமோர் நகருக்குப் போக வேண்டும்.

தங்க ரேக்கில் கிடைத்த விடை

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த எட்வின் ஹால், ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லின் புகழ்பெற்ற மின்காந்தவியல் நூலைப் படித்துக்கொண்டிருந்தார். காந்தப்புலத்தில் வைத்த கம்பியைத் தள்ளும் விசை கம்பியின் மீதுதான் செயல்படுகிறது, அதற்குள் ஓடும் மின்னோட்டத்தின் மீது அல்ல என்று மாக்ஸ்வெல் அதில் எழுதியிருந்தார். ஹாலுக்கு இது ஒப்பவில்லை. கம்பியில் மின்சாரம் ஓடாவிட்டால் காந்தம் அதைச் சீண்டுவதே இல்லையே, அப்படியானால் விசை மின்னோட்டத்தின் மேல்தானே இருக்க வேண்டும் என்று நினைத்தார். ஆசிரியர் ஹென்றி ரோலண்டிடம் போய்க் கேட்டார். ரோலண்டுக்கும் அதே ஐயம் இருந்தது. அவர் முன்பே சோதித்துப் பார்த்துத் தோற்றிருந்தார்.

ஹால் முதலில் செய்த சோதனைகளும் பலிக்கவில்லை. பிறகு ரோலண்டின் யோசனைப்படி கண்ணாடித் தகட்டின் மேல் தங்க ரேக்கை ஒட்டி, அதன் நீளவாக்கில் மின்சாரத்தைச் செலுத்தினார். தகட்டைச் செங்குத்தாகத் துளைத்துப் போகும்படி காந்தப்புலத்தைக் கொடுத்தார். ரேக்கின் இரண்டு ஓரங்களுக்கும் நடுவே மின்னழுத்தம் இருக்கிறதா என்று பார்க்க கால்வனாமீட்டரை இணைத்தார். 1879 அக்டோபர் 28 அன்று முள் நகர்ந்தது; அந்த நகர்வு நிலைத்தும் நின்றது. காந்தத்தின் திசையை மாற்றினால் முள்ளும் எதிர்ப்பக்கம் போனது. அதற்கு எட்டு நாள் கழித்து, நவம்பர் 5-ஆம் தேதி, மாக்ஸ்வெல் இங்கிலாந்தில் காலமானார்.

தங்கத் துண்டு ஏன் கூடாது, ரேக்கு ஏன் வேண்டும்? காந்தம் எலக்ட்ரான்களை ஓர் ஓரமாகத் தள்ளும்போது அங்கே மின்னூட்டம் சேர்கிறது. அது சேரச் சேர, பின்னால் வரும் எலக்ட்ரான்களைத் திருப்பித் தள்ளும் குறுக்கு மின்புலம் ஒன்று உருவாகிறது. இரண்டும் சமமானதும் ஓட்டம் மறுபடி நேராகப் போகும். தகடு எவ்வளவு மெல்லியதோ, அதற்குள் ஓடும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை எவ்வளவு குறைவோ, அவ்வளவு வேகமாக அவை ஓட வேண்டியிருக்கும். குறுக்கு அழுத்தமும் அவ்வளவு பெரிதாக இருக்கும். தங்கத்தில் எலக்ட்ரான்கள் கணக்கில்லாமல் உண்டு. அதனால் தடித்த துண்டில் இந்த அழுத்தம் அளவிட முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும். எலக்ட்ரான் என்ற துகளையே ஜே.ஜே. தாம்சன் 1897-ல்தான் கண்டுபிடித்தார் என்பதை நினைத்துப் பார்த்தால், அதற்குப் பதினெட்டு ஆண்டு முன்பே ஹால் தொட்டுவிட்டது எத்தகைய விஷயம் என்பது விளங்கும்.

சுழற்சிக்கும் மோதலுக்கும் போட்டி

காந்தப்புலத்தில் அகப்பட்ட எலக்ட்ரான் வட்டமடிக்கப் பார்க்கும். ஒரு டெஸ்லா வலிமையுள்ள புலத்தில் அது நொடிக்கு 2,800 கோடி சுற்றுச் சுற்றும். ஆனால் சுற்ற விட்டால்தானே! தேர்த்திருவிழாக் கூட்டத்துக்குள் ஒருவர் வட்டமாக நடக்க முயன்றால் எப்படியிருக்கும்? இரண்டு அடி வைப்பதற்குள் யாராவது இடித்துத் திசை மாற்றிவிடுவார்கள். தங்கத்துக்குள் எலக்ட்ரானின் கதியும் இதுதான். ஒரு சுற்று முடிவதற்குள் ஆயிரம் தடவைக்கு மேல் மோதல். அதனால் பாதை லேசாக வளைவதோடு சரி. அந்த லேசான வளைவுதான் ஹால் பார்த்தது. அவர் பெயராலேயே அதை ஹால் விளைவு என்கிறார்கள்.

திண்மப் பொருளானாலும், மின்துகள்கள் கலந்த வாயுவான பிளாஸ்மாவானாலும், காந்தப்புலம் மின்கடத்தலை என்ன செய்யும் என்ற கேள்விக்கு முதலில் பார்க்க வேண்டியது ஒரே விகிதத்தைத்தான்: இரண்டு மோதல்களுக்கு நடுவே மின்துகள் எவ்வளவு தூரம் சுற்றிவிடுகிறது? மோதல் ஜெயித்தால் காந்தம் இருந்தும் இல்லாதது போல. சுழற்சி ஜெயித்தால் பொருளின் குணமே மாறிவிடும். புலத்தின் திசையில் மின்சாரம் சுதந்திரமாக ஓடும், குறுக்கே போகத் திணறும். இரண்டும் கலந்த நடுநிலைதான் விந்தைகள் விளையும் இடம்.

பிஸ்மத் என்ற உலோகத்தில் அணுக்களை ஒப்பிட எலக்ட்ரான்கள் மிகக் குறைவு, மோதலும் குறைவு. எதிர் மின்துகள்களோடு நேர் மின்னூட்டம் கொண்டவை போல நடந்துகொள்ளும் ‘துளை’களும் உண்டு. ஒரே குறுக்குப் புலத்தால் இரண்டு வகையையும் நேராக்க முடியாது. ஆகவே காந்தப்புலம் கூடினால் பிஸ்மத்தின் மின்தடை எகிறும். ஹால் கருவிகள் வருவதற்கு முன் காந்தத்தின் வலிமையை அளக்கவே பிஸ்மத் சுருளைத்தான் பயன்படுத்தினார்கள்.

இதை எல்லை வரை கொண்டுபோய்ப் பார்த்தவர் பியோத்தர் கபிட்சா. 1920-களில் கேம்பிரிட்ஜில் இருந்த இந்த ரஷ்யர், பெரிய ஜெனரேட்டர் ஒன்றை வேகமாகச் சுற்றவிட்டு, ஒரு சிறிய கம்பிச்சுருள் வழியாக ஒரே கணம் ஷார்ட் செய்தார். நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்கு 30 டெஸ்லா அளவுக்குப் புலம் கிடைத்தது. அந்தக் கணத்தில் ஜெனரேட்டர் சடாரென்று வேகம் குறைவதால் தரையே அதிரும். அந்த அதிர்வு அளவீட்டைக் கெடுத்துவிடும். கபிட்சா சுருளை ஜெனரேட்டரிலிருந்து 20 மீட்டர் தள்ளி வைத்தார். அதிர்வு தரை வழியாக அங்கே வந்து சேர்வதற்குள் சோதனையே முடிந்திருக்கும். சோதனை இயற்பியலில் நான் மிகவும் வியக்கும் ஏற்பாடுகளில் இது ஒன்று.

துளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஹால் தங்கத்தோடு நிற்கவில்லை; இரும்பிலும் பார்த்தார். குறுக்கு அழுத்தம் எதிர்த்திசையில் வந்தது. ஓடுவது எலக்ட்ரான்தான் என்று தெரிந்த பிறகு இந்தப் புதிர் இன்னும் கூடியது. இரும்பின் கணக்குக்குள் அதன் சொந்தக் காந்தத்தன்மையும் புகுந்து சிக்கலாக்கும். ஆனால் காந்தத்தன்மை இல்லாத சில உலோகங்களிலும் குறி மாறித்தான் வந்தது. 1929-ல் ருடால்ஃப் பியர்ல்ஸ் குவாண்டம் இயக்கவியலைக்கொண்டு இதை அவிழ்த்தார். ஏறக்குறைய நிரம்பிய எலக்ட்ரான் வரிசையில் காலியாக இருக்கும் இடம், நேர் மின்துகள் போலவே நகரும். பின்னாளில் டிரான்சிஸ்டரைக் கட்டியெழுப்பிய கருத்துகளில் இதுவும் ஒன்று.

சுழற்சி முழுமையாக ஜெயித்தால் என்ன ஆகும் என்பதற்கு விடை 1980 பிப்ரவரியில், பிரான்ஸின் கிரெனோபிளில் ஓர் இரவில் கிடைத்தது. கிளாஸ் ஃபான் கிளிட்சிங் ஒரு சிலிக்கான் டிரான்சிஸ்டரைக் கடுங்குளிரில், மிக வலிய காந்தப்புலத்தில் வைத்திருந்தார். ஹால் தடை, அதாவது குறுக்கு அழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் வரும் மதிப்பு, சீராக ஏறவில்லை, படிப்படியாக ஏறியது. ஒவ்வொரு படியும் 25,812.807 ஓம் என்ற எண்ணை 1, 2, 3, 4 என்று முழு எண்ணால் வகுத்த மதிப்பு. சில்லின் வடிவம், அதிலுள்ள மாசு, யார் தயாரித்தது, எதுவும் இந்த எண்ணை மாற்றவில்லை. 1985-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. இன்று உலகின் தர அளவை ஆய்வகங்கள் ஓம் என்பதை இந்த விளைவைக்கொண்டுதான் நிறுவுகின்றன. 1982-ல் டேனியல் சூயியும் ஹோர்ஸ்ட் ஸ்டோர்மரும் பின்ன எண்களிலும் படிகள் வருவதைக் கண்டார்கள். அந்தப் பின்னங்களின் வரிசைக்கு ஓர் ஒழுங்கான விளக்கம் தந்தவர் ராஜஸ்தானின் சாம்பர் என்ற சிற்றூரில் வளர்ந்த ஜைனேந்திர ஜெயின். எலக்ட்ரான்கள் காந்தச் சுழல்களைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு புதுத் துகள்களாக நடமாடுகின்றன என்று அவர் 1989-ல் முன்வைத்தது இன்று இத்துறையின் அடிப்படைப் பாடம். 2025-ல் அவருக்கு வுல்ஃப் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நம் ஊடகங்கள் இன்னும் பெரிதாகக் கொண்டாடியிருக்க வேண்டிய பெயர் இது.

ஸ்கூட்டர் சக்கரத்துக்குள்

மின் ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் பட்டறைகளில் “ஹால் சென்சார் போயிருச்சுண்ணே” என்ற பேச்சு இப்போது சாதாரணம். சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாரில் பொதுவாக மூன்று ஹால் சென்சார்கள் இருக்கும். அங்கிருந்து ஐந்து மெல்லிய ஒயர்கள் வரும். பெரும்பாலும் சிவப்பும் கறுப்பும் சப்ளை. மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் சிக்னல். மெக்கானிக் மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கறுப்பில் குத்தி, மறுமுனையை ஒவ்வொரு சிக்னல் ஒயரிலும் வைத்துச் சக்கரத்தைக் கையால் மெதுவாக உருட்டுவார். மீட்டர் பூஜ்யத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் மாறி மாறிப் போனால் சென்சார் நல்லது. அசையாமல் நின்றால் அதுதான் கோளாறு. சுழலும் காந்தம் எந்த இடத்தில் இருக்கிறது என்று இந்த மூன்றும் சொன்னால்தான் எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் தர வேண்டும் என்பது கன்ட்ரோலருக்குத் தெரியும். ஒன்று செத்தாலே வண்டி குலுங்கும், இல்லையென்றால் கிளம்பவே கிளம்பாது.

சென்சாருக்குள் இருப்பது தங்கம் அல்ல, குறைக்கடத்தி. அதில் மின்துகள்கள் உலோகத்தைவிட லட்சக்கணக்கான மடங்கு குறைவு என்பதால் குறுக்கு அழுத்தம் தாராளமாகக் கிடைக்கிறது. கைப்பேசியின் திசைகாட்டிகள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான்.

ஹார்டு டிஸ்க்கின் கதை மட்டும் வேறு. 1988-ல் ஆல்பெர் ஃபேரும் பீட்டர் குரூன்பெர்க்கும் தனித்தனியே கண்டுபிடித்ததும், பின்னர் டிஸ்க்கைப் படிக்கும் முனையில் பயன்பட்டதுமான ‘பெரும் காந்தத்தடை’யில் எலக்ட்ரானின் பாதை வளைவது முக்கியமல்ல. அதன் தற்சுழற்சி, அடுக்கடுக்கான காந்தப் படலங்களோடு ஒத்துப்போகிறதா இல்லையா என்பதே தடையைத் தீர்மானிக்கிறது. 2007-ல் இதற்கு நோபல் கிடைத்தது.

வானத்தில் மூன்று தட்டுகள்

இப்போது வானத்துக்கு வருவோம். அயனிமண்டலத்தில் எலக்ட்ரானும் அயனியும் கலந்த மெலிந்த பிளாஸ்மா இருக்கிறது. 80 கிலோமீட்டருக்குக் கீழே காற்று அடர்த்தி அதிகம், மோதலின் ஆட்சி. 150 கிலோமீட்டருக்கு மேலே மோதல் அபூர்வம். எலக்ட்ரான், அயனி இரண்டுமே காந்தக்கோடுகளைச் சுற்றும். குறுக்கே மின்புலம் வந்தால் இரண்டும் சேர்ந்தே ஒரே பக்கம் நகரும். சேர்ந்து நகர்ந்தால் மின்னோட்டம் கிடையாது, வெறும் பெயர்ச்சிதான்.

நடுவில் இருக்கும் தட்டுதான் வியப்பு. 105 கிலோமீட்டர் உயரத்தில் எலக்ட்ரான் நொடிக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல் சுற்றும். மோதுவதோ சில பத்தாயிரம் தடவை. கனமான அயனி நொடிக்கு இருபது சுற்று சுற்றப் பார்க்கும். ஆனால் ஆயிரக்கணக்கில் இடிபடும். எலக்ட்ரான் காந்தத்தின் பிடியில், அயனி காற்றின் பிடியில். சூரிய வெப்பத்தால் கிளம்பும் காற்றோட்டங்கள் பகலில் கிழக்கு நோக்கிய ஒரு மின்புலத்தை உண்டாக்குகின்றன. காந்தக்கோடுகள் இங்கே கிடைமட்டமாக, தெற்கு வடக்காகக் கிடக்கின்றன. இரண்டும் சேர்ந்து எலக்ட்ரான்களை மேலே தூக்குகின்றன. அயனிகள் கீழேயே நின்றுவிடுகின்றன. மேலே எதிர் மின்னூட்டம், கீழே நேர் மின்னூட்டம். ஹாலின் தங்க ரேக்கில் இரண்டு ஓரங்களில் சேர்ந்ததே இங்கே மேலும் கீழுமாகச் சேர்கிறது.

இந்தச் செங்குத்துப் புலம், முதலில் இருந்த கிழக்குப் புலத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வலியது. அது எலக்ட்ரான்களை மறுபடி குறுக்கே, இம்முறை மேற்காக விரட்டுகிறது. எலக்ட்ரான் மேற்கே ஓடினால் மின்னோட்டம் கிழக்கே என்று பொருள். முதலில் இருந்த சிறு ஓட்டத்தோடு இது சேர்ந்து மின்தாரையாகப் பெருகுகிறது. தாமஸ் கௌலிங் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளரின் பெயரால் இந்தப் பெருகிய கடத்துதிறனைக் கௌலிங் கடத்துதிறன் என்கிறார்கள். காந்த நடுக்கோட்டை விட்டு விலகினால் காந்தக்கோடுகள் சாய்ந்துவிடும். மேலும் கீழும் சேர வேண்டிய மின்னூட்டம் அந்தச் சாய்வு வழியாக வழிந்தோடிவிடும். சென்னைக்கோ மும்பைக்கோ மேலே இந்தத் தாரை உருவாகாததற்குக் காரணம் இதுதான்.

பெரு நாட்டின் உவான்காயோவில் 1922-ல் தொடங்கிய காந்த ஆய்வகம்தான், நடுக்கோட்டை ஒட்டிப் பகலில் காந்தப்புலம் வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாக ஏறி இறங்குவதைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் நம் மண்ணில் இந்தத் தேடலுக்கு அதைவிட வயது அதிகம். திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வகத்தை 1850-களில் நடத்திய ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் புரூன், திருவனந்தபுரத்தில் அளந்தது போதாதென்று 6,000 அடிக்கு மேல் உயரமுள்ள அகத்தியமலைச் சிகரத்திலும் காந்தமானிகளைக் கொண்டுபோய் வைத்தார். காட்டு வழியில், யானைகளுக்கு நடுவே, இறகு பட்டாலும் ஆடிவிடும் கருவிகளைத் தூக்கிச் சென்று மலையுச்சியில் நாள்தவறாமல் அளந்திருக்கிறார்கள். சுமந்தவர்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லையே என்பதுதான் வருத்தம்.

தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கும் காரணம் இதே நடுக்கோடு. விக்ரம் சாராபாய் இந்தக் கடற்கரைக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தது, காந்த நடுக்கோடு அதன் பக்கமாகப் போகிறது என்பதால்தான். புனித மரிய மதலேனாள் தேவாலயம் அலுவலகமானது. 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் கிளம்பியது. ராமேசுவரத்து அப்துல் கலாம் அந்தக் குழுவில் இருந்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் காந்தமானியைச் சுமந்த ராக்கெட்டுகள் மின்தாரையைத் துளைத்துப் போய் அதன் உயரத்தையும் தடிமனையும் நேரடியாக அளந்தன.

இன்று திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. அங்கே தரையில் பதிவாகும் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. நண்பகலை ஒட்டி அதில் ஏறுவது பெரும்பாலும் நூறுக்கு முன்பின். அந்த ஏற்றத்திலும் எல்லாமே மின்தாரையின் வேலை அல்ல. அதைப் பிரித்தெடுக்க, மும்பைக்குத் தெற்கே மின்தாரைக்கு வெளியே இருக்கும் அலிபாக் ஆய்வகத்தின் பதிவை இதிலிருந்து கழிக்கிறார்கள். அலிபாக்குக்கும் ஒரு கதை உண்டு. பழைய ஆய்வகம் மும்பை கொலாபாவில் இருந்தது. நகரத்தில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், அதன் மின்னோட்டம் அளவீட்டைக் குலைத்துவிடும் என்று அலிபாக்குக்கு மாற்றினார்கள்.

சில பிற்பகல்களில் இந்தத் தாரை திசை திரும்பி மேற்கே ஓடும். ஆர்க்டிக் பகுதியின் அடுக்கு மண்டலம் (ஸ்ட்ராட்டோஸ்பியர்) குளிர்காலத்தில் திடீரென்று வெப்பமடையும் நாட்களை ஒட்டி இது அதிகம் நடப்பதைக் கண்டிருக்கிறார்கள். வடதுருவத்துக் காற்றுக்கும் நெல்லை வானத்து மின்சாரத்துக்கும் இப்படியொரு தொடர்பு.

திருச்சியிலும் விண்வெளியிலும்

இதே குறுக்கு ஓட்டம் பொறியாளருக்குத் தலைவலியாகவும் வந்திருக்கிறது, வரமாகவும் வந்திருக்கிறது. 1980-களில் திருச்சியில் பெல் நிறுவனமும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து காந்தப் பாய்ம மின்னாக்கி ஒன்றின் முன்னோடி நிலையத்தை அமைத்தன. டர்பைன் கிடையாது. பொட்டாசியம் கலந்து மின்சாரத்தைக் கடத்தும்படி செய்த கொதிவாயுவைக் காந்தப்புலத்துக்குக் குறுக்கே பாய்ச்சினால், பக்கவாட்டுத் தகடுகளில் நேரடியாக மின்சாரம் எடுக்கலாம் என்பது திட்டம். இவ்வகை மின்னாக்கியில் தகடுகளை நீளமாக ஒரே துண்டாக வைக்கக் கூடாது. ஹால் விளைவால் குழாயின் நீளவாக்கில் எழும் அழுத்தம் அந்தத் தகடு வழியாகவே ஷார்ட் ஆகிக் கிடைக்க வேண்டிய மின்சாரத்தைத் தின்றுவிடும். அதனால் துண்டு துண்டாக வெட்டி, நடுவே மின்காப்பு வைக்க வேண்டும். திருச்சி நிலையம் ஆய்வுக்கட்டத்தைத் தாண்டவில்லை. கொதிவாயுவின் சூட்டை நெடுங்காலம் தாங்கும் பொருள் கிடைக்காமல் உலகம் முழுக்கவே இந்தத் தொழில்நுட்பம் தேங்கிவிட்டது.

வரமாக வந்தது விண்வெளியில். சோவியத் விஞ்ஞானிகள் உருவாக்கி 1971 டிசம்பரில் மீட்டியோர் செயற்கைக்கோளில் ஏவிய ஹால் உந்துகலனில், வளையக் குழாய்க்குள் காந்தப்புலம் எலக்ட்ரான்களை வட்டத்தில் சிறைவைக்கிறது. கனமான செனான் அயனிகளுக்கு அந்தப் புலம் போதாது. அவை நேராக, நொடிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் வெளியே பாய்கின்றன. நம் 105 கிலோமீட்டர் தட்டில் அயனியைத் தடுத்தது காற்று. இங்கே அயனியின் கனமே அதைக் காந்தத்திடமிருந்து தப்பவைக்கிறது. 2017 மே 5-ல் இஸ்ரோ ஏவிய ஜிசாட்-9 இவ்வகை மின் உந்துகலன்களோடு போனது. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் கூட்டம் கூட்டமாக உயரம் ஏறுவதும் ஹால் உந்துகலன்களால்தான்.

அணுக்கரு இணைவு உலைகளில் கதை வேறு விதம். பத்துக் கோடி டிகிரிக்கு மேல் சூடான பிளாஸ்மாவில் மோதல் மிகக் குறைவு. காந்தக்கோட்டின் வழியே தாமிரத்தைவிட நன்றாகக் கடத்தும் அது, குறுக்கே ஏறக்குறைய அசையவே கூடாது. கணக்கு அப்படித்தான் சொன்னது. ஆனால் இரண்டாம் உலகப்போரின்போது பெர்க்லியில் யுரேனியத்தைப் பிரிக்கும் வேலையில் இருந்த டேவிட் போம், பிளாஸ்மா கணக்கைவிடப் பல மடங்கு ஒழுகுவதைக் கண்டார். காரணம் கொந்தளிப்பு. தனித்தனி மோதல் இல்லாவிட்டாலும், பிளாஸ்மாவே கூட்டமாகச் சுழித்து, வெப்பத்தையும் துகளையும் புலத்துக்குக் குறுக்கே கடத்திவிடுகிறது. காந்திநகரில் 1989-ல் இயங்கத் தொடங்கிய ஆதித்யா உட்பட, டோகமாக் என்னும் வளைய வடிவ இணைவுக் கருவிகள் எல்லாம் போராடுவது இந்த ஒழுக்கோடுதான்.

1982-ல் ஜெர்மனியின் கார்ஹிங்கில் ஃபிரிட்ஸ் வாக்னர், சூட்டை ஓரளவுக்கு மேல் கூட்டியதும் அந்த ஒழுக்கு தானாகவே சட்டென்று குறைவதைக் கண்டார். யாரும் எதிர்பார்க்கவில்லை. விளிம்பில் உருவாகும் மின்புலம் பிளாஸ்மாவைக் காந்தத்துக்குக் குறுக்கே நகர்த்துகிறது; அடுத்தடுத்த படலங்கள் வெவ்வேறு வேகத்தில் நகர்வதால் கொந்தளிப்பின் சுழிகள் கிழிபடுகின்றன என்பதுதான் இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். பிரான்ஸின் கடராஷில் எழும் ஈட்டர் உலை இந்த நிலையை நம்பித்தான் வடிவமைக்கப்பட்டது. அந்த உலையை அடக்கிவைக்கும் சுமார் 30 மீட்டர் உயர எஃகுக் கலத்தின் பாகங்கள் குஜராத்தின் ஹசீராவில் செய்யப்பட்டுக் கப்பலேறிப் போயின.